இரும்பில் பதிந்த ஆண்டுகள்: பழைய ரிவால்வர்களின் காலக் கணிப்பு

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையிலும் ஏலக் கூடத்தின் மேசையிலும் காணப்படும் பழைய ரிவால்வர்கள் பலவற்றின் உடலில் ஏதேனும் ஓர் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர் அதனையே அக்கருவி உருவான ஆண்டு எனக் கொள்வது இயல்பு. அவ்வாறு கொள்வது பல வேளைகளில் பிழையாகவே முடிகிறது.

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1850 அளவில் உற்பத்தியைத் தொடங்கி, பிற்காலத்தில் 1851 ஆம் ஆண்டு மாதிரி எனப் பெயர் பெற்ற ‘நேவி’ ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். தோட்டா அறைகள் அமைந்த அதன் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி செதுக்கப்பட்டிருக்கும். அதனருகே 1843 மே 16 என்னும் நாள் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். டெக்சாஸ் கடற்படை காம்பேச்சே கரையருகே மெக்சிகோ கடற்படையுடன் பொருதிய நாள் அது. 1873 வரை இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்ட அக்கைத்துப்பாக்கிகளில் ஒன்றுகூட 1843 இல் செய்யப்பட்டதன்று. பொறித்த ஆண்டு உண்மையானதே. அது எதைப் பற்றிய ஆண்டு என்பதுதான் கேள்வி.

ஒரு பழைய ரிவால்வர் பல்வேறு ஆண்டுகளைச் சுமந்து நிற்கிறது. காப்புரிமை வழங்கப்பட்ட ஆண்டு, மாதிரி ஏற்கப்பட்ட ஆண்டு, தொழிற்சாலையில் உருவான ஆண்டு, விற்பனைக்கு அனுப்பப்பட்ட ஆண்டு, அரசுச் சோதனைச் சாலையில் முத்திரை பெற்ற ஆண்டு, பழுது பார்க்கப்பட்ட ஆண்டு எனப் பல. கிழக்கு நாடுகளின் ஆயுதமாயின், எந்த நாட்காட்டியின்படி அவ்வாண்டு எழுதப்பட்டது என்னும் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. இவற்றைத் தனித்தனியே பிரித்தறிவதே காலக் கணிப்பின் உயிர்நாடி. ஒரு துப்பாக்கியின் வயது ஐந்தாறு ஆண்டுகள் முன்பின்னாகப் பிறழ்ந்தாலும், அது எந்தப் போரில் எந்தப் படையினரின் இடையில் தொங்கியது என்னும் செய்தியும் பிறழ்ந்துவிடும். பின்னர் அப்பிழை ஏலப் பட்டியலில் ஏறி, அங்கிருந்து நூல்களுக்குள் நுழைந்து, வரலாறாகவே நிலைத்துவிடும்.

அமைப்பு சொல்லும் காலம்

பழைய ரிவால்வரைக் கையில் எடுப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அதில் மருந்து இல்லை என்பதை அறிந்தவர் ஒருவரைக் கொண்டு உறுதி செய்துகொள்வது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இட்ட வெடிமருந்தும் உயிரோடு இருக்கக் கூடும். அதன் பின்னரே ஆய்வு.

எழுத்துகளைப் படிக்குமுன் அமைப்பைப் படிக்க வேண்டும். கோல்ட் 1836 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, நியூஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் உற்பத்தியைத் தொடங்கினார். அக்காலத்து ரிவால்வர்களில் உருளையின் முன்புறமாக ஒவ்வோர் அறையிலும் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் இட்டு நெட்டித்து, பின்புறத்து முனைகளில் சிறிய செப்புக் கேப்புகளைப் பொருத்த வேண்டும். அவ்வறைகள் பின்புறம் துளைத்துச் செல்வதில்லை. உருளையை முற்றாகத் துளைத்துப் பின்புறமாகத் தோட்டா இடும் முறைக்கு 1855 ஏப்ரல் 3 அன்று ரோலின் ஒயிட் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதனைப் பயன்படுத்தும் தனியுரிமையை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஒப்பந்தத்தின் மூலம் அடைந்து, 1857 இல் தன் முதல் ரிவால்வரை வெளியிட்டது. அக்காப்புரிமை 1869 இல் முடிவுற்றது. அதனை நீட்டிக்க அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்ட முன்வரைவை 1870 இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் தடுத்து நிறுத்தினார். எனவே பின்புறமாகத் தோட்டா இடும் அமெரிக்க ரிவால்வர் ஒன்று, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அல்லாத வேறொரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருப்பின், அது 1869 க்குப் பிற்பட்டதாக இருக்கும் வாய்ப்பே மிகுதி. அக்காப்புரிமையை மீறியோ, உடன்பாட்டின் பேரிலோ செய்தவை சிலவே.

இவ்விதி ஐரோப்பாவுக்குப் பொருந்தாது. பிரான்சில் லெஃபோஷே என்பவர் 1850-களிலேயே பின்புறமாகத் தோட்டா இடும் ரிவால்வர்களைச் செய்தார். ஆகவே, எந்நாட்டில் உருவானது என்பதை அறியாமல் எக்காலத்தில் உருவானது என்று சொல்ல இயலாது.

தொடர்ந்து வந்த மாற்றங்களும் காலத்தின் எல்லைக் கற்களாக உதவுகின்றன. குழலும் உருளையும் கீழ்நோக்கி மடங்கி, வெற்றுத் தோட்டாக்கள் தாமே வெளித்தள்ளப்படும் அமைப்பை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் மூன்றாம் எண் மாதிரி மூலம் 1870 இல் சந்தைக்குக் கொண்டு வந்தது. உருளை பக்கவாட்டில் வெளியே சாயும் அமைப்பைக் கோல்ட் நிறுவனம் 1889 இல் வெளியிட்டது. 1896 இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் அதே வழியைப் பின்பற்றியது.

இங்கும் ஒரு விழிப்புத் தேவை. 1870-களில், முன்புறமாக மருந்திட்ட பழைய ரிவால்வர்கள் பலவற்றின் உருளையை மாற்றித் தோட்டாவுக்கு ஏற்றவையாக ஆக்கினர். அத்தகைய கருவிக்கு இரண்டு வயது உண்டு. இரண்டையும் குறிப்பிடுவதே முறை.

காப்புரிமை நாளும் உற்பத்தி நாளும்

மேற்சொன்ன மூன்றாம் எண் மாதிரியின் குழல்மேல் 1860, 1865, 1869 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த காப்புரிமை நாட்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முதலில் நிற்கும் ‘60’ என்னும் எண்ணைக் கண்டு அதனை அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துக் கருவி என மயங்குவோர் உண்டு. உண்மையில் அப்போர் 1865 இல் முடிந்து ஐந்தாண்டுகள் கழித்தே அக்கருவி உருவெடுத்தது.

இதிலிருந்து பெறப்படும் விதி எளியது. பொறித்திருக்கும் காப்புரிமை நாட்களுள் கடைசியானதை நோக்க வேண்டும். அக்கருவி அதற்கு முன் பொறிக்கப்பட்டிருக்க இயலாது. எவ்வளவு காலம் பின்னால் என்பதை அது சொல்லாது. கோல்ட் நிறுவனம் 1873 இல் அமெரிக்கப் படைக்கென வெளியிட்ட ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ ரிவால்வரின் சட்டகத்தில் தொடக்கத்தில் 1871, 1872 ஆண்டுகளின் காப்புரிமைகள் மட்டுமே இடம்பெற்றன. பின்னர் 1875 ஜனவரி 19 என்னும் மூன்றாவது நாள் சேர்ந்தது. மூன்றாவது நாள் இருக்கும் சட்டகத்தை 1873 ஆம் ஆண்டினதாகச் சொல்லி விற்க முற்படுபவர், அறியாமையால் சொன்னாலும் அறிந்தே சொன்னாலும், சொல்வது பொய்.

வரிசை எண்

பெரும்பாலான தொழிற்சாலைகள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரிசை எண் இட்டன. மேற்கூறிய ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ 1873 இல் 1 என்னும் எண்ணில் தொடங்கி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நின்றபோது 3,57,000 ஐக் கடந்திருந்தது. எந்த எண் எந்த ஆண்டைச் சார்ந்தது என்பதற்கான அட்டவணைகள் அச்சில் உள்ளன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், பொன் பதித்த கோல்ட் ‘டிரகூன்’ ரிவால்வர் ஒன்று இருக்கிறது. உதுமானிய சுல்தான் அப்துல் மஜீதுக்கு அன்பளிப்பாக அளிக்கப்பட்டதென அறியப்படும் அதன் வரிசை எண் 12406. காலம் ஏறத்தாழ 1853. அரசருக்கென்று செய்த அணிகலன் போன்ற கருவியும் தொழிற்சாலையின் எண் வரிசைக்குள்ளேதான் வருகிறது.

வரிசை எண்ணை நோக்கும்போது மூன்று செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, ஒரே எண் பல மாதிரிகளுக்குத் தனித்தனியே இடப்பட்டிருக்கும். மாதிரியை உறுதி செய்யாமல் எண்ணை அட்டவணையில் தேடுவதால் பயனில்லை. இரண்டாவது, எண் இட்ட வரிசையிலேயே கருவிகள் விற்பனைக்குச் சென்றன என்று கொள்ளலாகாது. கிடங்கில் ஆண்டுக்கணக்கில் உறங்கியவை உண்டு. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய நிறுவனங்களின் பழைய ஏடுகளிலிருந்து கட்டணத்தின் பேரில் சான்றுக் கடிதம் பெறலாம். அது பெரும்பாலும் கருவி அனுப்பப்பட்ட நாளையும் பெற்றவர் பெயரையுமே தெரிவிக்கும். மூன்றாவது, எண் ஓரிடத்தில் மட்டும் இராது. சட்டகம், விசைக் காப்பு, கைப்பிடியின் முதுகு, சில வேளைகளில் உருளை, குழல் ஆகியவற்றிலும் இருக்கும். அவை ஒத்திருப்பது அக்கருவி பிரியாமல் வந்ததன் அறிகுறி.

எண்கள் ஒவ்வாதிருப்பதனாலேயே ஒரு கருவியைப் போலி எனத் தள்ளிவிடவும் கூடாது. 1895 முதல் 1903 வரை அமெரிக்க அரசு தன்னிடமிருந்த ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ ரிவால்வர்களைக் கழற்றிப் பழுது பார்த்து, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரை அங்குலமாகக் குறைத்து மீண்டும் பூட்டியது. அப்பணியில் உறுப்புகள் ஒன்றோடொன்று கலந்தன. ‘ஆர்டில்லரி’ வகை என வழங்கும் அவற்றில் எண்கள் ஒவ்வாமையே இயல்பு. அத்தகைய ஒன்றில் எல்லா எண்களும் அச்சுப் பிசகாமல் ஒத்திருப்பின், நாம் கண்ணாடியை எடுத்து இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

படைக்கென வாங்கிய கருவிகளில் மேற்பார்வையாளர்களின் பெயரெழுத்துகளும் உண்டு. ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’யைத் தொடக்க ஆண்டுகளில் ஐன்ஸ்வொர்த் என்பவர் பார்வையிட்டார், 1880-களில் டேவிட் கிளார்க் பார்வையிட்டார். 1876 இல் நிகழ்ந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் பயன்பட்டதென ஒரு ரிவால்வரை ஒருவர் காட்ட, அதில் கிளார்க்கின் பெயரெழுத்துகள் இருந்தால், வழக்கு அங்கேயே முடிந்தது.

சோதனைச் சாலை முத்திரைகள்

ஐரோப்பாவில் துப்பாக்கிகள் விற்பனைக்கு வருமுன், மிகுதியான மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கு முத்திரையிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இம்முத்திரைகளின் வடிவம் சட்டம் மாறும்போதெல்லாம் மாறியது. அதனால் அவை காலங்காட்டிகளாகின்றன.

பெல்ஜியத்தின் லியேழ் நகரம் 19 ஆம் நூற்றாண்டில் உலகுக்கெல்லாம் ரிவால்வர்கள் செய்து அனுப்பியது. அந்நகரச் சோதனைச் சாலையின் முத்திரை, நீள்வட்டத்துக்குள் அமைந்த இ, எல், ஜி என்னும் மூன்று எழுத்துகள். 1893 முதல் அந்நீள்வட்டத்தின் மேல் ஒரு மகுடம் சேர்க்கப்பட்டது. மகுடம் இருப்பின் 1893 க்குப் பிற்பட்டது. இல்லையேல் பெரும்பாலும் முற்பட்டது. பெயரில்லாத மலிவான பெல்ஜிய ரிவால்வர்களைக் காலவரிசைப்படுத்த இச்சிறு மகுடத்தைவிடச் சிறந்த துணை வேறில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1904 ஆம் ஆண்டு விதிகளின்படி மகுடத்தின் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்னும் எழுத்திணைகள் வந்தன. வெப்ளி நிறுவனத்தின் பெயரும் உதவும்: பி. வெப்ளி அண்ட் சன் என்பது 1897 வரை. அவ்வாண்டில் ஸ்காட் நிறுவனத்துடன் இணைந்தபின் வெப்ளி அண்ட் ஸ்காட் என்பது. அந்நிறுவனம் பிரிட்டிஷ் படைக்கெனச் செய்த ரிவால்வர்களின் முதல் மாதிரி 1887 இலும் ஆறாம் மாதிரி 1915 இலும் ஏற்கப்பட்டன. ஆறாம் மாதிரியில் உற்பத்தி ஆண்டே பொறிக்கப்பட்டிருப்பது ஆய்வாளருக்கு ஆறுதல். அரசுடைமையைக் குறிக்கும் அம்புக்குறி ஒன்று இருக்கும். முனையோடு முனை மோதும் இரண்டு அம்புகள் இருப்பின், அக்கருவி படையிலிருந்து முறைப்படி விற்கப்பட்டது என்பது பொருள்.

இரு படைக்கும் ஒரே தொழிற்சாலை

இந்த நுட்பங்கள் வரலாற்றுக்கு எவ்வாறு பயன்படுகின்றன என்பதற்கு, 1877-78 இல் நிகழ்ந்த ரஷ்ய-துருக்கிப் போர் தக்க சான்று.

ரஷ்யப் பேரரசு 1871 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்திடம் மூன்றாம் எண் மாதிரியில் 20,000 ரிவால்வர்கள் கேட்டது. தொடர்ந்து மேலும் பல்லாயிரம் வாங்கியது. ரஷ்யர் விருப்பப்படி கைப்பிடியின் மேற்புறத்தில் ஒரு புடைப்பும் விசைக் காப்பின் கீழே விரல் தாங்கும் கொக்கியும் சேர்க்கப்பட்டன. ‘ரஷ்ய மாதிரி’ என்னும் பெயர் அதனால் வந்தது. அதே மாதிரியை அதே நிறுவனத்திடமிருந்து உதுமானிய அரசும் ஆயிரக்கணக்கில் வாங்கியது. பின்னர் எதிரெதிரே நின்று பொருதிய இரு பேரரசுகளும் ஒரே பட்டறையின் கைத்துப்பாக்கியை ஏந்தின. அப்படியாயின், இன்று ஒரு சேகரிப்பாளரிடம் இருக்கும் ‘ரஷ்ய மாதிரி’ யாருக்கெனச் செய்யப்பட்டது என்பதை எவ்வாறு அறிவது?

விடை தோட்டாவில் இருக்கிறது. உதுமானிய அரசு 1870-71 காலத்தில் வின்செஸ்டர் நிறுவனத்திடம் 45,000 நீண்ட துப்பாக்கிகளும் 5,000 குட்டைத் துப்பாக்கிகளும் வாங்கியிருந்தது. 1877 இல் பிளெவ்னா முற்றுகையின்போது உஸ்மான் பாஷாவின் படையினர் ரஷ்யருக்குப் பேரிழப்பை ஏற்படுத்தியதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. அவை ‘.44 ஹென்றி’ என்னும் தோட்டாவைப் பயன்படுத்தின. அத்தோட்டாவின் அடிப்பகுதியில், விளிம்பில் அடிபட்டால் மருந்து தீப்பற்றும். ஒரே வகைத் தோட்டா இரண்டுக்கும் உதவட்டும் என்று கருதி, ரிவால்வர்களையும் அதே தோட்டாவுக்கு ஏற்பச் செய்து தருமாறு உதுமானிய அரசு கேட்டது. ரஷ்யர் வாங்கியவையோ, நடுவில் அடிபட்டால் தீப்பற்றும் தங்கள் .44 தோட்டாவுக்கு ஏற்றவை. ஆகவே குதிரையின் மூக்கு தோட்டாவின் நடுவில் படுகிறதா விளிம்பில் படுகிறதா என்று பார்த்தால், உருவத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டும் பிரிந்து நிற்கும்.

இந்த நிலையிலும் நாம் சொல்லக் கூடியது ஓரளவே. விளிம்பில் அடிக்கும் குதிரையும், அதற்கேற்ற உருளையும், ஒத்த எண்களும் இருந்தால் அக்கருவி உதுமானிய ஒப்பந்தத்தைச் சார்ந்ததாகக் கொள்ளலாம். அது பிளெவ்னாவின் அகழிக்குள் இருந்தது என்று சொல்ல வேறு சான்று வேண்டும். அந்நிறுவனம் ரஷ்ய மாதிரியைத் தனியாருக்கும் ஜப்பானுக்கும் விற்றது. பெர்லினில் லுட்விக் லோவே நிறுவனமும் ரஷ்யாவின் துலா ஆயுதச் சாலையும் அதே மாதிரியைச் செய்தன. இவற்றை விலக்கிக் காட்டாமல் போர்க்களக் கதை சொல்வது முறையன்று.

ஹிஜ்ரியா, ரூமியா?

துருக்கியர் அப்போரைத் ‘தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுப் போர்’ என்றே அழைக்கின்றனர். 1293 என்னும் ஆண்டின் சுருக்கம் அது. ஹிஜ்ரி 1293, கி.பி. 1876 ஜனவரி இறுதியில் தொடங்கி ஓராண்டுக்குள் முடிந்துவிட்டது. போரோ 1877 ஏப்ரலில்தான் தொடங்கியது. கணக்கு ஒவ்வாதது போல் தோன்றும். காரணம், அந்த 1293 சந்திர ஆண்டன்று. உதுமானிய அரசு வரவு செலவுக்கென 1840 முதல் ரூமி எனப்படும் சூரிய ஆண்டைப் பயன்படுத்தியது. தொடங்கியபோது அதன் ஆண்டு எண்ணும் ஹிஜ்ரி ஆண்டு எண்ணும் 1256 என ஒன்றாக இருந்தன. சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால் ஹிஜ்ரி முன்னே ஓடியது. ரூமி 1293 என்பது 1877 மார்ச் முதல் 1878 மார்ச் வரை.

ஆயுதத்தில் ஓர் உதுமானிய ஆண்டைக் காணும்போது இவ்விரு வழிகளிலும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ரூமி ஆண்டுக்கு 584 ஐக் கூட்டினால் போதும். ஹிஜ்ரி ஆண்டாயின் அதனை 33 ஆல் வகுத்து வந்த ஈவை அந்த ஆண்டிலிருந்து கழித்து, 622 ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு ஏறத்தாழக் கிட்டும். 1308 என்பது ஹிஜ்ரியாயின் 1890 ஆகஸ்டில் தொடங்கும். ரூமியாயின் 1892 மார்ச்சில் தொடங்கும். ஆப்கானிஸ்தானில் இவ்விடைவெளி இன்னும் பெரியது. அந்நாடு 1922 இல் சூரிய ஹிஜ்ரிக்கு மாறியது. 1301 என்னும் எண் சந்திரக் கணக்கில் 1883-84. சூரியக் கணக்கில் 1922-23. முன்னது அமீர் அப்துர் ரஹ்மான் காலம், பின்னது அமீர் அமானுல்லாஹ் காலம். மற்ற முத்திரைகளும் அமைப்புமே எது சரி என்று தீர்மானிக்கும்.

எண்களின் உருவத்தால் வரும் மயக்கமும் உண்டு. கிழக்கத்திய அரபு எண்களில் சுழியம் ஒரு புள்ளி. இரும்பில் அது உளி பட்ட தழும்பு போல் இருக்கும். ஐந்து ஒரு சிறு வட்டம். மேனாட்டவர் அதனைச் சுழியமாகப் படித்துவிடுவர். ஏழைத் தலைகீழாகப் பிடித்தால் எட்டு. கருவியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தோம் என்பதைப் பொறுத்து ஆண்டு மாறும். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய எண்கள் பாரசீக வழக்கில் வேறு வடிவம் பெறுவதால், அவை எழுதிய கை எந்நாட்டது என்பதற்கும் குறிப்புக் கிடைக்கும். குர்ஆன் பிரதிகளின் வசன எண்களைப் படித்துப் பழகிய நம் வாசகர்க்கு இவை சிறு பருவத்திலிருந்தே கண்ணுக்குப் பழக்கமானவை. இக்கலையில் நாம் பயனுறச் செய்யக் கூடிய பணி இங்கே காத்திருக்கிறது.

போலிகள்

பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையே உள்ள தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரில், அஃப்ரீதி பழங்குடிக் கைவினைஞர்கள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து துப்பாக்கிகள் செய்து வருகின்றனர். சிறு உலையும் அரமும் கொண்டு எந்த மேனாட்டுக் கருவியையும் பார்த்தவாறே செய்து தரும் அவர்களின் கைத்திறன் புகழ் பெற்றது. கருவியோடு அதிலிருந்த ஆங்கில எழுத்துகளையும் அவர்கள் படம் போலவே பெயர்த்தனர். அதனால் ‘என்’ என்னும் எழுத்து இடம் வலம் மாறி நிற்கும். நிறுவனப் பெயர்கள் எழுத்துப் பிழையோடு வரும். விக்டோரியா அரசியின் மகுடமும் பெயரெழுத்தும் பொறித்து, அதன் கீழ் 1901 க்குப் பிற்பட்ட ஆண்டு இருப்பின் ஐயமே வேண்டா; அவ்வரசி 1901 ஜனவரியில் காலமானார்.

இத்தாலியில் 1950-களின் இறுதியிலிருந்து பழைய அமெரிக்க ரிவால்வர்களின் நகல்கள் செய்யப்படுகின்றன. அவை நேர்மையான நகல்கள்; இத்தாலியச் சோதனை முத்திரையும் ஆண்டைக் குறிக்கும் குறியீடும் தாங்கியே வெளிவருகின்றன. வாங்கியவர்களுள் சிலர் அம்முத்திரையை அரத்தால் தேய்த்து, அமிலத்தால் துருவேற்றி, அசலென விற்பதுதான் ஏமாற்று. தேய்த்த இடத்தில் இரும்பின் மட்டம் தாழ்ந்திருக்கும்; விளிம்புகள் மழுங்கியிருக்கும்; திருகுத் துளையைச் சுற்றிக் கிண்ணம் போன்ற பள்ளம் விழுந்திருக்கும். துரு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படர்ந்திருந்தால் அதுவும் இயற்கையன்று. கைபடும் இடமும் உறையில் உரசும் இடமும் வேறு வேறு விதமாகத் தேய்வதே இயல்பு.

சட்டத்தின் பார்வையில்

காலக் கணிப்பு சேகரிப்பாளரின் பெருமைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டம், 1898 இலோ அதற்கு முன்னோ உருவான துப்பாக்கியைத் தொல்பொருளாகக் கருதுகிறது. அதனால் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’யில் ஏறத்தாழ 1,82,000 என்னும் வரிசை எண் ஒரு கோடாகி, அதற்கு இப்புறமும் அப்புறமும் சட்டம் வேறுபடுகிறது.

இந்தியாவில் நிலை வேறு. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புடைய ஆயுதத்துக்கு விலக்களித்தாலும், அது பழுது பார்த்தாலும் சுட இயலாததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. பாட்டனார் பெட்டியில் கிடைத்த ரிவால்வர் எத்துணைப் பழையதாயினும், பழுது நீக்கினால் சுடக் கூடியதென்றால் உரிமம் தேவை. அதனைக் கண்டெடுத்தவர் காவல் நிலையத்தில் தெரிவிப்பதே கடமை. நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஆர்வமுடையோர் இவற்றைக் கண்டு பயில, ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகமும் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் தம் ஆயுதக் கூடங்களைத் திறந்து வைத்துள்ளன.

தொகுத்து நோக்கின், முறை இதுவே: முதலில் அமைப்பு, அடுத்து உருவான நாடு, பின்னர் கடைசிக் காப்புரிமை நாள், வரிசை எண், சோதனை முத்திரை, மேற்பார்வையாளர் பெயரெழுத்து, நாட்காட்டி, எல்லாவற்றுக்கும் இறுதியில், விற்பவர் சொல்லும் கதை. ஒவ்வொரு குறியும் ஒரு காலத்துக்கு முன் என்றோ பின் என்றோ மட்டும் சொல்லும். எல்லாக் குறிகளும் ஒத்துச் சந்திக்கும் சில ஆண்டுகளே அக்கருவியின் காலம். ஒரு குறி முரண்பட்டால் அதனை மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். தெரிந்ததை உறுதியாகவும் தெரியாததை ஊகமென்றும் எழுதி வைத்தால், அடுத்த தலைமுறை ஆய்வாளர் அங்கிருந்து தொடங்கலாம். உதுமானிய, பாரசீக, ஆப்கானிய ஆயுதங்கள் பல உலகின் ஏலக் கூடங்களில் தவறான ஆண்டோடு இன்றும் கைமாறுகின்றன. அவற்றின் எண்களையும் எழுத்துகளையும் படிக்க வல்லவர்கள் முன்வந்து திருத்தினாலன்றி, அப்பிழைகள் தாமாகத் திருந்தப் போவதில்லை.